மழைக்கு முன்னமே நாள் குறியுங்கள்: கணினியின் இயங்குதளத்தை மாற்றத் திட்டமிடும் வழி

கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளைத்தான் இயங்குதளம் என்கிறோம். அவற்றில் ஒன்றான விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கொமினிகேஷன் கடை, டியூட்டரி, ஸ்டூடியோ, வீடு என்று எத்தனையோ இடங்களில் அதே விண்டோஸ் 10 இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் பொத்தானை அழுத்தினால் கணினி எழும்புகிறது, பிரின்ட் வருகிறது, பிள்ளைகள் பாடம் பார்க்கிறார்கள். "நல்லாத்தானே வேலை செய்யுது மனே, பிறகென்னத்துக்கு மாத்துற?" என்று கடை நடத்தும் அம்மா ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

பதில் இது. எந்த இயங்குதளத்திலும் வைரஸ் நுழையக்கூடிய ஓட்டைகள் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆதரவு இருக்கும்வரை மாதாமாதம் அவற்றை அடைத்துத் தருவார்கள். ஆதரவு முடிந்தபிறகு வரும் ஓட்டை ஊருக்கெல்லாம் தெரிந்தபடி திறந்தே கிடக்கும். 2017 மே 12ஆம் திகதி பரவிய வொன்னாகிரை வைரஸ் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொமினிகேஷன் கடையின் கணினி வழியாக ஒரே நாளில் எத்தனை பேருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகப் பக்கம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுத்துப் போகிறவர் உங்களை நம்பித்தான் அனுப்புகிறார். பென் டிரைவோடு வருகிறவரும் அப்படித்தான். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதை முதல் தடவையாகச் செய்யப்போகிறவர்களை நினைத்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு லெப்டொப் இருந்தாலும் சரி, பாடசாலை ஆய்வுகூடத்தில் இருபது கணினி இருந்தாலும் சரி, வேலையின் வரிசை ஒன்றுதான்.

முதலில் நாட்காட்டி

எல்லோரும் டவுன்லோடிலிருந்து தொடங்குகிறார்கள். நான் நாட்காட்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏனென்றால் இயங்குதளம் எப்போது காலாவதியாகும் என்பது மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பதுபோல முன்கூட்டியே தெரிந்த விஷயம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10 என்று எல்லாமே பல வருடம் முன்னரே அறிவித்த திகதிகள்.

இப்போது நமக்கு வேண்டிய திகதிகளைப் பாருங்கள். விண்டோஸ் 10ஐ வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசொஃப்ட் ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தது. அது 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11க்கு மாறிவிட்டால் எல்லாம் முடிந்ததென்றும் இல்லை. அதன் ஒவ்வொரு வருடப் பதிப்புக்கும், ஹோம், ப்ரோ இரண்டிலும், ஏறக்குறைய இரண்டு வருட ஆயுள்தான். 24எச்2 (24H2) பதிப்புக்கு 2026 அக்டோபர் 13, 25எச்2 (25H2) பதிப்புக்கு 2027 அக்டோபர் 12.

எல்லாமே அக்டோபர். நம் பக்கத்துக்கு அக்டோபர் எப்படிப்பட்ட மாதம்? பின்னேரமானால் இடி மின்னல். அதைத் தொடர்ந்து நவம்பரிலிருந்து தை மாதம் வரை மாரி. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியும் இந்தப் பருவத்தில்தான் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் நாட்டின் பல இடங்களில் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் முடக்கிய டிட்வா புயலும் இதே பருவத்தில்தான். கடைசித் திகதி வரட்டும் பார்ப்போம் என்றிருந்தால், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத மாதத்தில், பாதியில் நின்றால் கணினியே எழும்பாமல் போகக்கூடிய ஒரு வேலையைத் தொடங்கப்போகிறீர்கள்.

ஆகவே அவர்களுடைய அக்டோபரை மறந்துவிட்டு, ஆவணி முடிவதற்குள் என்று உங்களுக்கென ஒரு கடைசித் திகதி வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் இந்த வேலைக்கு நல்லவை. அந்தக் காலத்தைத் தவறவிட்டால், பொங்கல் முடிந்து மழை விட்டபிறகு பங்குனிக்குள் செய்யலாம்.

அப்புறம் உங்கள் தொழிலின் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அம்பாறைப் பக்கத்து நெல் ஆலைக்காரர் பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் கணக்குக் கணினியைத் தொடக்கூடாது. அவருக்கு ஜூன், ஜூலை சரி. துணிக்கடை நோன்பு மாதத்தை விலக்க வேண்டும். பாடசாலை தவணைப் பரீட்சைப் புள்ளி ஏற்றும் வாரங்களை விலக்க வேண்டும். வருமான வரிக் கணக்கு மார்ச் 31இல் முடிவதால், கணக்கு வேலை செய்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச நாள் விட்டுவிடுவது நல்லது.

கிழமையும் முக்கியம். லீவு நாள்தானே என்று போயா தினத்தில் தொடங்குவார்கள். ஏதாவது சிக்கினால் அன்றைக்கு ஒரு கேபிள் வாங்கக்கூடக் கடை திறந்திருக்காமல் போகலாம். உங்களுக்கு வேலை குறைந்த, ஆனால் ஊரில் கடை திறந்திருக்கும் நாளாகப் பாருங்கள். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வெள்ளிக்கிழமையை விட்டுவிடலாம். மட்டக்களப்பு டவுனில் ஞாயிறை விட்டுவிடலாம்.

கணினிக்கு ஒரு கொப்பி

நாள் குறித்த பிறகு ஒரு கொப்பி எடுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம். போனில் எழுதிவைப்பதைவிட இதைத்தான் நான் விரும்புவேன், ஏனென்றால் ஆய்வுகூடமோ கடையோ பொறுப்பெடுக்கும் அடுத்த ஆளுக்கும் கொப்பி கையோடு போகும்.

பக்கத்தில் என்ன எழுதுவது? செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் கணினியின் மூளையான புரொசசரின் பெயர், ரேம் அளவு, 32 பிட்டா 64 பிட்டா என்பது, விண்டோஸ் பதிப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அவற்றோடு சேமிப்பிடம் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலாத வேகமான எஸ்எஸ்டியா என்பது, சி டிரைவில் மிச்சமிருக்கும் இடம், பிரின்டர் ஸ்கேனர் மொடல், அந்தக் கணினியில் இல்லாமல் முடியாது என்ற மென்பொருள்கள். இவ்வளவும் போதும்.

இதில் புரொசசர் வரியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். "ஐ5 இருக்கு, ஐ7 இருக்கு" என்பதில் ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம். ஐ5 7500 என்றால் முதல் இலக்கம் 7, ஏழாம் தலைமுறை, சேராது. ஐ5 8500 என்றால் எட்டு, சேரும். ஐ5 10400 என்று ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டைச் சேர்த்துப் படியுங்கள், பத்தாம் தலைமுறை. ஏஎம்டியில் ரைசன் 3000 வரிசையிலிருந்து பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 2000 வரிசையில் சில சேரும், சில சேராது.

பாவித்த கணினி வாங்கப்போகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ் 3050 மொடல் ஏழாம் தலைமுறைப் புரொசசரோடு வந்தது, 3060 எட்டாம் தலைமுறையோடு வந்தது. பழக்கமில்லாதவருக்கு இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டிதான். விலையில் சில ஆயிரம் குறைவு என்று 3050ஐ எடுத்தால், ஆதரவு உள்ள விண்டோஸ் அதில் ஏறாது. கடையில் கணினியைப் போட்டுக் காட்டச் சொல்லி, அபவுட் பக்கத்தை நீங்களே திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

புரொசசர் தவிர, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 (பாதுகாப்புக் கீகளை வைத்திருக்கும் சிப்), செக்யூர் பூட் (கணினி எழும்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் வசதி) ஆகியவற்றையும் விண்டோஸ் 11 கேட்கிறது. 4 ஜிபி என்பது ஏறுவதற்கான அளவு. வேலை செய்வதற்கு 8 ஜிபி வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் பொறுமை போய்விடும். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாட்டுவதுதான் ஒரு பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்ப்பதற்குச் சோம்பலாக இருந்தால், மைக்ரோசொஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறிய மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். எது குறை என்று பெயர் சொல்லிக் காட்டும்.

அது "முடியாது" என்றால்

உடனே கணினியைக் கைவிட வேண்டாம். எந்தக் காரணத்துக்காக முடியாது என்கிறது என்று பாருங்கள்.

டிபிஎம் இல்லை என்றால், பெரும்பாலும் அது இருக்கும், பயோஸில் (விண்டோஸுக்கு முன்னமே எழும்பும் கணினியின் அடிப்படை அமைப்புகளில்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் கணினியில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி கணினியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும், அதை இயக்கிவிட்டால் சரி. செக்யூர் பூட் பிரச்சினை என்றால் கணினி பழைய லெகசி முறையில் ஓடுகிறது என்று அர்த்தம். டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறையைப் பழைய எம்பிஆரிலிருந்து (MBR) புதிய ஜிபிடிக்கு (GPT) மாற்றி, பயோஸையும் புதிய முறையான யூஈஎஃப்ஐக்கு (UEFI) மாற்ற வேண்டும். டேட்டா அழியாமல் மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு வேலையைப் புதியவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பயோஸில் கைவைப்பதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் தற்காலிகமாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கணினி அந்தப் பூட்டின் மீட்புக் கீயைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

புரொசசரே பழையது என்றால் முன்னால் மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, நீட்டிப்பில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை நேரம் வாங்குவது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் வரும் அழைப்பை ஏற்க வேண்டும். செட்டிங்ஸை மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடமான வன்டிரைவில் (OneDrive) சேமிக்கச் சம்மதித்தால் இலவசம்; அப்படி வேண்டாம் என்றால் 30 டொலர் கட்டணம். ஒரே கணக்கில் பத்துக் கணினி வரை சேர்க்கலாம். வாங்கிய நேரத்தை வேறு ஏற்பாட்டுக்குப் பயன்படுத்த வேண்டும். இதையே ஏற்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம். பிள்ளைகளின் படிப்பு, இணையம், லிப்ரே ஒஃபிஸில் கடிதம், யூடியூப் என்று இருக்கும் வீட்டுக் கணினிக்கு அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். மின்ட் 22 வரிசைக்கும், அதற்கு அடித்தளமான உபுண்டு 24.04க்கும் 2029 வரை ஆதரவு உண்டு. காசு ஒன்றும் இல்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, பிரின்டர், சவுண்ட் எல்லாம் வருகிறதா என்று உறுதிசெய்த பிறகு நிறுவலாம். விண்டோஸுக்கென்றே எழுதிய பில்லிங் மென்பொருள், அடோபி ஃபொட்டோஷொப் என்று இருக்கும் கடைக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, வேறு கணினி. இப்போதே மாதம் கொஞ்சமாக ஒதுக்கத் தொடங்கினால் ஆவணிக்குள் கைக்கு வரும்.

நான்காவதாக ஒரு குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள்: சோதனையைத் தாண்டி, சேராத கணினியிலும் விண்டோஸ் 11ஐப் போட்டுவிடுவது. செய்ய முடியும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. மிகப் பழைய புரொசசர்களில் 24எச்2 எழும்பவே எழும்பாது. காசு, கணக்கு, பிறருடைய ஆவணம் புழங்கும் கணினியில் இதைச் செய்யாதீர்கள். கிராக் போட்ட விண்டோஸ் பற்றியும் அதேதான். கிராக் செய்யும் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபென்டரை அணைக்கச் சொல்லித்தான் தொடங்குகின்றன. அந்த இடத்திலேயே பாதுகாப்பு போய்விடுகிறது. அசல் விண்டோஸ் 10 இருக்கும் தகுதியான கணினிக்கு 11 இலவசம்தான்.

இனித்தான் பெரிய வேலை: பிரதி எடுப்பது

குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்னரே இதை முடித்துவிட வேண்டும். அன்றைக்குக் காலையில் எடுப்போம் என்று விட்டால் எதையாவது மறப்பது நிச்சயம்.

டொக்யூமென்ட்ஸ், டெஸ்க்டொப், பிக்சர்ஸ் போல்டர்களை எல்லோரும் எடுப்பார்கள். மறந்துபோவது டவுன்லோட்ஸ் போல்டர். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து இறங்கியவை எல்லாம் அங்கேதான் கிடக்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் மறந்துபோகும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது பில்லிங் மென்பொருளின் தரவுத்தளம். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் போல்டரில் இருக்காது. மென்பொருளுக்குள்ளேயே பெக்கப் எடுக்கும் பொத்தான் இருக்கும், அதால் எடுங்கள். இல்லையென்றால் அதைப் போட்டுத் தந்தவரிடம் கேளுங்கள். பாமசியின் இருப்புக் கணக்கு ஒரு நாளில் காணாமல் போனால் அதைத் திரும்ப எழுதுவது எவ்வளவு பாடு என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க். மற்றது இணையத்தில் அல்லது வேறு வீட்டில் இருக்கும் இன்னொரு டிஸ்க். கூகுள் கணக்கில் 15 ஜிபி, வன்டிரைவில் 5 ஜிபி இலவசமாகக் கிடைக்கும். கல்யாண அல்பம் செய்யும் ஸ்டூடியோவுக்கு அது எந்த மூலைக்கும் காணாது, ஆனால் முக்கியமான கடிதங்களுக்குப் போதும். பென் டிரைவைப் பிரதிக்காக நம்ப வேண்டாம்; கைமாற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் ஏறும் இடத்தில் வீடு இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை மேசை லாச்சிக்குள் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.

எடுத்த பிரதியை வேறொரு கணினியில் மாட்டி, நாலைந்து பைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று கணக்கில் எடுக்கமாட்டேன்.

இனி எழுத்துரு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. நம் பக்கத்தில் பழைய கேள்வித்தாள்கள், கோயில் நோட்டீஸ்கள், சங்கக் கூட்ட அறிக்கைகள் என்று ஏராளமானவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. பாமினி இல்லாத கணினியில் அந்தப் பைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். பார்ப்பவர் பைல் பழுதாகிவிட்டது என்று அழித்தும்விடுவார். அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைப் போட்டால் அத்தனையும் திரும்ப வந்துவிடும்.

ஆகவே சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் போல்டரைத் திறந்து பாமினியையும் நீங்கள் பாவிக்கும் மற்ற எழுத்துருக்களையும் பிரதி எடுங்கள். அம்பாறையில் அரச அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்பவர்கள் சிங்கள எழுத்துருவான எஃப்எம் அபயவையும் மறக்க வேண்டாம். போல்டரில் எழுத்துரு தென்படவில்லை என்றால், அதை ஒரு பயனருக்கு மட்டும் நிறுவியிருக்கலாம். அப்போது அந்தப் பயனரின் அப்டேட்டா (AppData) போல்டருக்குள் இருக்கும். புதிய கணினியில் நிறுவும்போது வலது சொடுக்கில் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதைத் தெரிவுசெய்தால் இந்தக் குழப்பம் இனி வராது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்தவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் லதா எழுத்துருவில் அமைத்த வேர்ட் பைல் புதிய விண்டோஸில் வேறு எழுத்துருவில் தெரிந்து பக்கம் கலையலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் லதாவும் விஜயாவும் விருப்பத் தெரிவாகத்தான் கிடைக்கின்றன. செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய்த் தமிழ் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் வந்துவிடும். சிங்களத்தின் இஸ்கோல பொத்தவும் இதே வழிதான். தட்டச்சு முறையையும் குறித்துவையுங்கள். தமிழ் 99, அஞ்சல் இரண்டும் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸிலேயே இருக்கின்றன. ரெங்கநாதன் விசைப்பலகையிலோ பாமினி முறையிலோ அடித்துப் பழகியவர்கள் அதற்கான மென்பொருளின் நிறுவல் பைலைச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

கொப்பியில் கடைசியாக மூன்று விஷயம் ஏறவேண்டும்: மைக்ரோசொஃப்ட் கணக்கின் மின்னஞ்சல், ஒஃபிஸ் போன்றவற்றின் கீ, பிட்லொக்கர் மீட்புக் கீ. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு எந்தப் போன் நம்பர் இணைந்திருக்கிறது என்று இப்போதே பாருங்கள். சிம் மாற்றிய பிறகு பழைய நம்பரை மாற்றாமல் விட்டவர்கள், ஓடிபி வராமல் நிறுவலின் நடுவே நிற்க வேண்டிவரும். கடவுச்சொல்லை கொப்பியில் எழுதினால் அந்தக் கொப்பியைப் பூட்டி வையுங்கள்.

பிரின்டரும் டேட்டாவும்

பிரின்டர் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மொடலுக்கு விண்டோஸ் 11, 64 பிட் டிரைவர் (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று முன்னமே தேடுங்கள். 32 பிட் விண்டோஸில் ஓடிய டிரைவர் 64 பிட்டில் வேலை செய்யாது. விண்டோஸ் 11இல் 32 பிட் என்ற ஒன்றே இல்லை. இப்போது 32 பிட் ஓடினால் அப்படியே மேலேற்றவும் முடியாது, சுத்தமாகப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

விண்டோஸ் 11 நிறுவல் பைல் 5 ஜிபிக்கு மேல் வரும், அதன்பிறகு புதுப்பிப்புகள் வேறு. பகல் டேட்டாவைக் கரைக்காமல் இரவு டேட்டா கிடைக்கும் நேரத்தில் இறக்குங்கள். பல கணினிகள் இருந்தால் மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் என்ற மென்பொருளால் ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ஒருதடவை செய்துவைத்தால் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். அந்தப் பென் டிரைவிலிருந்த எல்லாம் அழிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்ற தெரிவை இயக்கினால், ஒரு கணினி இறக்கிய புதுப்பிப்பை அதே வலையமைப்பிலுள்ள மற்றவை பகிர்ந்துகொள்ளும். ஆய்வுகூடத்துக்கு இது பெரிய மிச்சம்.

ஆய்வுகூடம் என்றதும் இன்னொன்று. இருபதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஆசிரியரும் மாணவர்களும் இரண்டு கிழமை பாவிக்கட்டும். பிரின்டர் அடம்பிடிப்பது, ஒரு பாடமென்பொருள் திறக்காதது எல்லாம் அந்த ஒன்றிலேயே வெளியே வந்துவிடும். மற்றப் பத்தொன்பதும் அதற்குப் பிறகு.

அன்றைக்கு

காலையிலேயே தொடங்குங்கள். இடி மின்னல் பின்னேரம்தான் வரும், அதற்குள் முடிந்துவிடும். அன்றைக்குத் திருத்த வேலைக்காக மின்சாரத்தை நிறுத்துவதாக அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். லெப்டொப் என்றால் முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டுச் செருகியே வையுங்கள். டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் கட்டாயம். உங்களிடம் இல்லையென்றால் ஒருநாளைக்கு இரவல் வாங்குங்கள். பழைய யூபிஎஸ்ஸின் பட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்காமல் இருக்கலாம், முதல் நாளே கம்பியைக் கழற்றிச் சோதியுங்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க், பிரின்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வேறு நிறுவனத்தின் அன்டிவைரஸ் இருந்தால் நீக்குங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பிறகு விண்டோஸ் அப்டேட் வழியாகவோ பென் டிரைவிலுள்ள செட்டப்பை இரட்டைச் சொடுக்கியோ தொடங்கலாம். 'பைல்களையும் அப்களையும் வைத்துக்கொள்' என்ற தெரிவு வந்திருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

அதற்குப் பிறகு பொறுமைதான். எஸ்எஸ்டியில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியலாம், ஹார்ட் டிஸ்க்கில் சில மணித்தியாலம் எடுக்கலாம். பல தடவை தானாக அணைந்து எழும்பும். சதவீதம் ஒரே எண்ணில் நிற்பதுபோலத் தோன்றும். பெட்டியில் டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, பொத்தானைத் தொடாதீர்கள்.

முடிந்த பிறகு

முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள், மிச்சமெல்லாம் பிறகு. செக்யூர் பூட்டுக்கான பழைய சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன, புதியவை இந்தப் புதுப்பிப்புகள் வழியாகத்தான் வருகின்றன. அடுத்து பிரின்டர், ஸ்கேனர், பாமினி பைல் ஒன்று, பில்லிங் மென்பொருள் ஆகியவற்றைக் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பக்கத்தில் சரி போடுங்கள். சும்மா திறந்து பார்த்தால் போதாது. ஒரு பில் அடியுங்கள், ஒரு அடையாள அட்டையை ஸ்கேன் செய்யுங்கள்.

டொக்யூமென்ட்ஸ் போல்டர் வன்டிரைவுக்குள் போயிருக்கிறதா என்றும் கவனியுங்கள். விண்டோஸ் 11 அதைத் தானாகவே செய்ய முயலும். 5 ஜிபி நிரம்பியதும் சேமிப்பு நின்றுவிடும். வேண்டாமென்றால் வன்டிரைவ் செட்டிங்ஸில் அந்தப் போல்டரின் பெக்கப்பை நிறுத்தலாம்.

ஏதாவது முக்கியமான ஒன்று ஓடவே மறுத்தால், செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதிக்குப் போய்ப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதற்குப் பத்து நாள்தான் அவகாசம். அதன்பிறகு பழையது தானாக அழிக்கப்பட்டுவிடும். அந்தப் பத்து நாளும் இடம் காணாது என்று டிஸ்க் கிளீனப்பில் எதையும் துடைக்காதீர்கள். சோதனைகளை முதல் மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிட்டால் யோசிக்க நேரம் இருக்கும்.

எல்லாம் சரியென்றால் கொப்பியின் அந்தப் பக்கத்தின் அடியில் புதிய பதிப்பின் பெயரையும் அதன் கடைசித் திகதியையும் எழுதுங்கள். 25எச்2 என்றால் 2027 அக்டோபர் 12. அதற்குப் பக்கத்தில், உங்களுடைய திகதியாக 2027 ஆவணி. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போவது 10இலிருந்து 11க்குப் போவதைவிட மிகச் சுலபம். பிரதி எடுப்பதும் யூபிஎஸ் பார்ப்பதும் மட்டும் அப்படியே.

வேறு கணினி வாங்கியிருந்தால் பழையதின் டிஸ்க்கைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டும். பைல்களை அழித்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது போதாது, மீட்டெடுக்க முடியும். பழைய பெட்டியை விற்பதானால் ரீசெட் செய்யும்போது 'டிரைவைத் துப்புரவாக்கு' என்ற தெரிவோடு செய்யுங்கள், சில மணித்தியாலம் ஓடும். இரும்புக்குப் போடுவதானால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். உங்கள் கடைக்கு வந்துபோனவர்களின் ஆவணங்கள் அதில்தான் இருக்கின்றன.